அது சொட்டு மருந்தா, சிரப்பா?
பல்லடத்தில் நடுராத்திரி. தறிச் சத்தம் ஓயவில்லை. குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது.

"பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பாட்டில் இருக்குது. ஒரு ஸ்பூன் ஊத்தட்டுங்களா, அத்தை?" என்கிறாள் மருமகள்.

பொறு அம்மா! பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம் மருந்து. சிரப்பிலோ 5 மில்லிக்கு 120 அல்லது 250தான். சொட்டு மருந்தை 5 மில்லி ஸ்பூனில் ஊற்றினால் 500! 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 போதும். மிஞ்சியதையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஈரல் கெட்டுவிடும்.

எடையைப் பார்த்தே டாக்டர் அளவு சொல்வார். பாட்டிலோடு வரும் குழாயில் அளந்து கொடுங்கள். பெரியவர்களின் ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

3 மாதம் ஆகாத சிசுவா? விடியட்டும் என்று இராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.