எழுமாற்று எழுத்துத் தொடரும் எதுகை ஆய்வும்

ஒரு நூலில் எதுகை மிகுந்து காணப்படின், அது புலவர் கருதி அமைத்ததோ, எழுத்துகளின் பரவலால் தானே நேர்ந்ததோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. இதனைத் துணிதற்கு ஒரு வழி உண்டு. கணிப்பொறியில் எழுமாற்றாக எழுத்துத் தொடர்கள் பலவற்றை ஆக்கி, அவற்றுள் எதுகை எத்துணை முறை வருகின்றது எனக் கண்டு ஒப்பிடலாம். அத்தொடர்களைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஆக்குமாற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறையை ஒத்தது இது. 'ரேண்டம்' என்னும் தொகுதியிலுள்ள 'சாய்ஸ்' என்னும் செயற்கூறு, பட்டியலினின்று ஓர் உறுப்பை எடுத்துத் தரும். வேண்டும் முறை அதனை இயக்கி, வந்தவற்றை ஒட்டினால் தொடர் கிடைக்கும். எடுத்த ஓலை மீண்டும் குடத்துள் இடப்படும் என்பதே வேறுபாடு. கருவி எளிது, குடத்துள் எவ்வோலைகளை இடுவது என்பதே வினா.

ஒருங்குறியில் தமிழுக்குரிய பகுதியை அவ்வாறே இடுவார் உளர். அது பொருந்தாது. அப்பகுதியின் 128 இடங்களுள் 72 மட்டுமே நிரப்பப்பட்டவை. அவற்றுள்ளும் எண்களும் கொம்பு, கால் முதலிய குறிகளும் தனித்தனியே நிற்கின்றன. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. பைத்தானுக்கோ ஐந்து குறி. இலக்கணத்தில் மெய்யின்மேல் உயிர் ஏறும். ஒருங்குறியிலோ அகரமேறிய மெய்யே அடிப்படை, புள்ளி பின்னர் இடப்படுவது. இதனால் விளையும் கேடு சிறிதன்று. எதுகைக்கு இரண்டாம் குறியை ஒப்பிட்டால் 'பாடு', 'மாலை' இரண்டும் ஒன்றும். ஏனெனில் இரண்டாவது நிற்பது காலே! இரண்டாம் எழுத்தோ 'டு', 'லை' என வேறுபட்டது.

ஆகவே 247 எழுத்தையும் ஓலைகளாகக் கொள்வோம். அப்பொழுதும் வருவன தமிழ்ச்சொற் போல்வன அல்ல. தொல்காப்பியப்படி மொழிமுதலாவன 93. குற்றியலுகரத்தையும் கூட்டி 94 என்பர். எனவே பத்துத் தொடர்களுள் ஆறேனும் முதலெழுத்திலேயே வழுவும். முதலெழுத்துக்கெனத் தனிக்குடம் வைத்தல் வேண்டும். எந்நூலின் விதியைக் கொள்வது என்பதும் முன்னரே துணியத்தக்கது: சகரம் அகரத்தொடு மொழிமுதலாதலைத் தொல்காப்பியம் விலக்க, நன்னூல் விலக்கவில்லை. இடையிலோ மெய்ம்மயக்கம் காத்தல் வேண்டும். க், ச், த், ப் தம்மொடு தாமே மயங்கும், ர், ழ் தம்மொடு மயங்கா.

இன்னும் ஒன்று. ஓலைகள் எல்லாம் சம எண்ணிக்கையின எனின், 'ஙௌ' என்பதும் 'க' என்பதும் ஒத்த அளவில் வரும். ஆராயும் நூலிலேயே எழுத்துகளை எண்ணி, அவ்வெண்ணிக்கையை நிறையாகக் கொடுத்தல் வேண்டும். அதற்குரியது 'சாய்சஸ்' என்னும் செயற்கூறு.

இவ்வெழுமாற்று உண்மையில் கணக்கினால் பிறப்பது. தொடக்கவெண் ஒன்றாயின் தொடர்களும் ஒன்றே. பிறர் சரிபார்த்தற்கு இது நன்மையே. அவ்வெண்ணைக் கட்டுரையில் குறித்தல் வேண்டும். கடவுச்சொல் ஆக்குவார்க்கு மட்டும் இது தீங்கு. அவர்க்கென 2016இல் வெளிவந்த 3.6ஆம் பதிப்பு முதல் 'சீக்ரெட்ஸ்' என்னும் வேறு தொகுதி உளது.