கலயத்துச் சுண்ணாம்பு

பனையேறும் பெரியவர் கலயத்தைக் கட்டுமுன் அதன் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாததில் கள். பாளை ஒன்றுதான், சாறும் ஒன்றுதான். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட், சாற்றின் சர்க்கரையைத் தின்று போதையாக்குகிறது. சுண்ணாம்பின் காரம் அந்தப் புளிப்பைத் தடுத்துவிடுகிறது. அவருக்கு ஈஸ்ட் என்ற பேரே தெரியாது. ஆனால் எந்தக் கலயத்தில் என்ன இருக்கிறது, எப்போது இறக்கியது, உச்சிவேளைக்கு எவ்வளவு ஏறியிருக்கும் என்று மரம் மரமாகச் சொல்வார். குடிக்க வந்தவனுக்கும் அது தெரிந்திருந்தது.

அப்போது வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி வரைக்கும் ஏரியும் நெல் வயலும்தான். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. பெரியவர் மரம் ஏறுவதை விட்டார்.

அப்புறம் பாட்டில் காலம். 2003 கடைசியில் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கைக்குப் போனது. 180 மில்லி குவார்ட்டர், ஒரு வாட்டர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர்: வேலை முடிந்து வருகிறவனுக்கு அவ்வளவுதான் கலவை. உள்ளே இருப்பது என்ன? சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறு காய்ச்சி, சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுத்த பாகு மொலாசஸ். அதைப் புளிக்கவைத்து வடித்தால் ரம். இங்கே விஸ்கி, பிராந்தி என்று விற்பதில் பலவற்றுக்கும் அதே மொலாசஸ் ஸ்பிரிட்தான் அடிப்படை. ரம்மிலாவது அது தன் சொந்தப் பேரோடு இருக்கிறது. 1954-இல் வந்த ஓல்டு மங்க் போன்றவை மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்து, அந்த மரத்திடமிருந்து வெனிலா வாசனையை வாங்கிக்கொள்கின்றன. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அதை வாசித்துவிட்டுக் குடித்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

2010-இல் அதே வண்டலூர் சாலையில் உள்ள ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸான் ஆலை, 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. ஷிப்ட் பஸ்களும் வெளிநாட்டுப் பொறியாளர்களும் வந்தார்கள், பின்னாலேயே ஓட்டல்கள். இந்தச் சாலையோர ஓட்டல் ஒன்றின் பாரில் ஒரு தம்பி மொஹிட்டோ கலக்குவதைப் பார்த்தேன். எலுமிச்சையை வெட்டியதும் பிழிந்தான். காலையில் பிழிந்து வைத்த சாறு மதியத்துக்குள் மணம் செத்துவிடும் என்றான். சர்க்கரையைச் சம அளவு தண்ணீரில் முன்பே கரைத்துப் பாகாக வைத்திருந்தான். குளிர்ந்த ரம்மில் சர்க்கரை லேசில் கரையாது. புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டான். "இடிச்சா கசப்பு எறங்கிடும்ணா. லேசா அழுத்துனா போதும்." வெள்ளை ரம் 60 மில்லி, அளவுக் கிண்ணத்தின் விளிம்பு வரைக்கும். மேலே ஐஸ், சோடா. ஐஸும் ஒரு சரக்குதான். ரம், எலுமிச்சை, பாகு மட்டும் சேர்ந்த டாக்கிரியை ஐஸோடு குலுக்கும்போது, கடைசியில் கிளாஸில் ஏறக்குறைய கால் பங்கு உருகிய தண்ணீர். காரத்தைத் தணிப்பது அதுவே. அந்த டாக்கிரியும் கியூபாவில் ஓர் இரும்புச் சுரங்கத்து ஊரின் பேர்தான்; தொழிலாளர் ஊரிலிருந்து வந்த பானம்.

இதில் எதுவும் நமக்கு அந்நியம் இல்லை. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப் பொருள் என்று ஐந்தும் கலந்ததை வெள்ளைக்காரர்கள் பஞ்ச் என்றார்கள். ஐந்தைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்லிலிருந்தே அந்தப் பேர் வந்தது என்பது பரவலான கருத்து. 1632-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவர் எழுதிய கடிதத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. சென்னப்பட்டணத்துக் குடிக்கடைகளும் பஞ்ச் ஹவுஸ் என்றே அழைக்கப்பட்டன.

என் மனசு ஆறாதது வேறு இடத்தில். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல். மெத்தனால் ஆலைகளில் புழங்கும் ரசாயனம். உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். பார்வைக்கும் வாசனைக்கும் நல்ல சாராயத்திலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து குடிப்பது, மொஹிட்டோவுக்குக் காசு கொடுக்க முடிந்தவனுக்கு மட்டும் வாய்க்கிற சௌகரியமாகிவிட்டது. அந்த ஒரு கிளாஸுக்கு ஒப்பந்தத் தொழிலாளியின் ஷிப்ட் கூலியில் பெரும்பகுதி போய்விடும். பனையடியில் அந்தத் தெளிவு கேள்வி கேட்காமலே எல்லாருக்கும் கிடைத்தது.

கூட்டம் குறைந்ததும் அந்தத் தம்பியிடம் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவதைச் சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தான்.

"எவ்ளோ தடவுவாங்கண்ணா?"

ஆள்காட்டி விரலின் நுனியை அவனிடம் காட்டினேன்.