கணக்கில் வராத வாய்

தென் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் ஒரு மேய்ச்சல் பண்ணை என்றால் பல நூறு சதுர கிலோமீட்டர் இருக்கும். அவ்வளவு நிலமும் அரசுடையது, பண்ணைக்காரர் குத்தகைதாரர்தான். குத்தகைக் காலம் 42 ஆண்டு. நிலம் சீரழியாமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை என்கிறது 1989-ஆம் ஆண்டுச் சட்டம். 14 ஆண்டுக்கு ஒருமுறையாவது அரசு வந்து நிலத்தின் நலத்தைச் சோதிக்கும். தேறினால் குத்தகை நீளும். எத்தனை செம்மறி மேயலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. அந்தக் கணக்கில் வராத வாய் ஒன்று அதே நிலத்தில் மேய்கிறது: காட்டு வெள்ளாடு.

இது பிறவிக் காட்டு விலங்கு அல்ல. 1788-இல் சிட்னிக்கு வந்த முதல் கப்பல் கூட்டத்திலேயே வெள்ளாடுகள் இருந்தன. பிறகு பாலுக்கும் கறிக்கும் ரோமத்துக்கும் குடியேறிகள் மேலும் கொண்டுவந்தார்கள். பட்டியை விட்டுத் தப்பியவையும் கைவிடப்பட்டவையும் தலைமுறை தலைமுறையாகத் தாமே பெருகின. டிங்கோ என்ற காட்டு நாய் இருக்குமிடத்தில் இவை அதிகம் தலையெடுப்பதில்லை. ஆனால் டிங்கோவிடமிருந்து செம்மறியைக் காக்க, நாட்டின் குறுக்கே சுமார் 5,600 கிலோமீட்டருக்கு வேலி போட்டார்கள். செம்மறிக்குக் கிடைத்த அந்தக் காவல் வெள்ளாட்டுக்கும் சேர்ந்தே கிடைத்துவிட்டது.

பெருக்கத்தின் வேகத்தைப் பாருங்கள். பெட்டை ஆறே மாதத்தில் பருவமடையும். சினைக்காலம் 150 நாள். ஓர் ஈற்றில் இரட்டைக் குட்டி சர்வசாதாரணம். தண்ணீரும் தழையும் வாய்த்து, கொல்வாரும் பிடிப்பாரும் இல்லையென்றால் ஒரு மந்தை ஆண்டுக்கு 75 சதவீதம் வரை வளரும். இன்று 100 ஆடு என்றால், நான்கே ஆண்டில் 900-ஐத் தாண்டும்.

அந்த ஆட்டின் தலையே ஒரு பொறியியல் அற்புதம். அசைந்து வளையும் மேலுதடு முள்ளுக்கு நடுவே நுழைந்து இலையை மட்டும் பறித்தெடுக்கும். செம்மறிக்கு எட்டாத கிளையை வெள்ளாடு பின்னங்காலில் நிமிர்ந்து நின்று எட்டிப் பிடிக்கும். கண்ணின் பாவை கிடைமட்டமான ஒரு கீற்று; அடிவானம் முழுவதையும் ஒரே வீச்சில் பார்க்கத் தோதானது. மேய்வதற்குத் தலையைக் கவிழ்த்தால் கண்விழி குழிக்குள் எதிர்ப்பக்கம் சுழன்று, கீற்றைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்ளும். வாய் மேய, கண் காவல் காக்கிறது!

சேதமோ எளிதில் கண்ணில் படாது. முல்கா மரங்கள் (நம் வேலமரத்தின் உறவினம்) நின்றபடியே நிற்கும். நீலப்புதர் நூறாண்டுக்கும் மேல் வாழும். தூரத்திலிருந்து பார்த்தால் நிலம் நலமாகத்தான் தெரியும். குனிந்து தேடினால்தான் உண்மை விளங்கும்: முழங்கால் உயரக் கன்று ஒன்றுகூட இருக்காது. கிழடுகள் மட்டுமே வாழும் ஊர் அது. அதனால்தான் சோதிக்க வருபவர்கள் முதிர்ந்த செடியை மட்டும் எண்ணாமல், இளங்கன்றையும் தனியே எண்ணுகிறார்கள்.

இந்தப் பாடத்துக்கு ஒரு சாட்சி கூனமோர் பண்ணையில் இருக்கிறது. 1925-இல் அடிலெய்டு பல்கலைக்கழகம் அங்கே சுமார் 390 ஹெக்டேரை வேலியிட்டு, செம்மறியை வெளியேற்றியது. குறித்த இடங்களில் நின்று, திரும்பத் திரும்பப் படம் எடுத்துவந்தார்கள். செம்மறி போயும் பல மர இனங்களில் கன்று தலைகாட்டவில்லை. உள்ளே முயல்கள் இருந்தன! 1970-களில் முயல் ஒழிப்பு தீவிரமான பிறகே இளமரங்கள் எழுந்தன. செம்மறி, கங்காரு, முயல், வெள்ளாடு என எல்லா வாயும் சேர்ந்து நிலத்தின்மேல் ஏற்றும் சுமைக்கு ‘மொத்த மேய்ச்சல் அழுத்தம்’ என்று பெயர். ஒரு வாயைக் குறைத்தால் போதாது. அந்த இடத்தை இன்னொரு வாய் பிடித்துக்கொள்ளும்.

பல நூறு சதுர கிலோமீட்டரில் ஆட்டைத் துரத்திப் பிடிக்க யாரால் முடியும்? துரத்தவே வேண்டாம், தாகம் கூட்டிவரும். கோடையில் ஆடு தண்ணீருக்கு வந்தே தீரவேண்டும், அங்கே தண்ணீரோ பெரும்பாலும் பண்ணைக்காரர் குழாய் போட்டு நிரப்பும் தொட்டிதான். தொட்டியைச் சுற்றிக் கம்பிவலைப் பட்டி அமைத்து, முதலில் வாசலைத் திறந்தே வைத்து ஆட்டைப் பழக்குவார்கள். பிறகு ஈட்டிக் கதவு பொருத்துவார்கள். இரு பக்கமும் இரும்புக் கம்பிகள் உள்நோக்கிச் சாய்ந்து, நுனிகள் நெருங்கியிருக்கும். ஆடு தோளால் முட்டினால் கம்பிகள் விலகி வழிவிடும். உள்ளே போனதும் சேர்ந்துகொள்ளும். திரும்பினால் எதிரே நுனிகள்தான். மீன் பறியின் வாய் செய்யும் அதே வேலை.

பட்டிக்குச் சிக்காதவற்றுக்கு ‘யூதாஸ் ஆடு’. பிடித்த ஓர் ஆட்டின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டுவிடுவார்கள். வெள்ளாட்டுக்குத் தனிமை ஆகாது. அது தன் இனத்தைத் தேடிப்போய் ஒளிந்திருக்கும் மந்தையைக் காட்டிக்கொடுக்கும்.

இங்கேதான் குத்தகைதாரரின் கடமைக்குச் சோதனை. பிடித்த ஆட்டுக்கு நல்ல விலை உண்டு. ஆட்டுக்கறி ஏற்றுமதியில் ஆஸ்திரேலியா உலகின் முன்வரிசையில் நிற்கிறது. தேறிய கிடாக்களை விற்றுவிட்டுப் பெட்டைகளை அடுத்த ஆண்டுக்கு விட்டுவைக்க ஆசை வரும். ஆனால் மழை பெய்துவிட்டால் பள்ளமெல்லாம் தண்ணீர். எந்த ஆடும் தொட்டிக்கு வராது, பட்டி வீணாகும். முல்காவும் நீலப்புதரும் முளைவிடுவதோ எப்போதாவது வரும் அந்த நல்ல மழைக்குத்தான். ஆகவே பெட்டைகளையும் சேர்த்துப் பிடிக்கவேண்டிய காலம் வறட்சிதான். தப்பவிட்டால், அடுத்த நல்ல மழைக்கு எத்தனை ஆண்டு ஆகுமோ, அத்தனை ஆண்டு நிலம் கன்றில்லாமல் காத்திருக்க வேண்டும்.