16 கோடியும் பிரயாணச் செலவும்

ஆறு மாதமாகியும் கழுத்து நிற்காமல், மற்றக் குழந்தைகளைப் போலக் காலை உதைத்து விளையாடாமல், அழுகிற குரலும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகும் தங்கள் குழந்தையை உள்ளூர் டாக்டரிடமிருந்து ஜில்லா ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ எடுத்துச் சென்று, கடைசியில் மரபணுப் பரிசோதனைச் சீட்டில் ‘எஸ்.எம்.ஏ.’ என்ற மூன்று எழுத்துக்களைப் பெற்றோர் காணும்போது, வியாதியைப் பற்றிய துக்கமும் மருந்தின் விலையைப் பற்றிய திகிலும் ஒருங்கே வந்து அவர்களைப் பற்றிக்கொள்கின்றன. அரிய வியாதிகளைப் பற்றிய இத்தொடரில், இந்த வாரம் அந்தக் குடும்பங்களுக்கு நம்மால் ஆகக்கூடிய உபகாரம் என்ன என்பதைக் கவனிப்போம்.

முதுகுத் தண்டிலிருந்து தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஜீவித்திருக்க ஒரு புரதம் அத்தியாவசியம். அதை உண்டாக்கும் மரபணு தாய், தந்தை ஆகிய இருவரிடமிருந்தும் பழுதுபட்டே வந்து சேருமானால், அவ்வணுக்கள் மெல்ல மெல்ல நசித்துப்போகின்றன; இதுவே எஸ்.எம்.ஏ. (ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி). சுமார் 10,000 பிரசவங்களில் ஒன்றில் நேரும் இவ்வியாதியின் கடுமையான முதல் வகையில், சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் பெரும்பாலோர் 2 வயதைத் தாண்டுவதில்லை. புத்திக்கு யாதொரு குறைவும் இல்லை. சுற்றி நடப்பதையெல்லாம் கூர்ந்து பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தைகள் இவர்கள்.

பாரிஸ் நகரத்து விஞ்ஞானிகள் 1995-இல் அந்த மரபணுவைக் கண்டறிந்தார்கள். அதன் பயனாக, 2016-இல் முதுகுத் தண்டு நீரில் செலுத்தும் ஊசி மருந்தும், 2019-இல் ஒரே தடவை செலுத்தும் சோல்ஜென்ஸ்மா என்ற மரபணுச் சிகிச்சையும், 2020-இல் தினமும் வாய்வழியே கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் என்ற மருந்தும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சோல்ஜென்ஸ்மாவின் விலை 2019-இல் 21,25,000 டாலராக இருந்தது. நம் நாட்டில் அதுவே 16 கோடி ரூபாய் என்று பேசப்பட்டது.

அந்தத் தொகையைக் கேட்டுப் பெற்றோர் பொதுமக்களிடம் கையேந்தினார்கள். மக்களும் வாரி வழங்கினார்கள். கேரளத்தில் 2021-இல் ஒரு குழந்தைக்கு, கேட்டதைவிட இரு மடங்குக்கும் மேலாகச் சில தினங்களிலேயே பணம் குவிந்தது. அந்தத் தயாள குணத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், படம் பரவிய குழந்தைக்குப் பணம் சேர, சிபாரிசோ பேச்சுச் சாதுர்யமோ இல்லாத வீட்டுக் குழந்தைக்கு மருந்து கொடுப்பதற்குரிய வயது கடந்து போவதை நாம் காணாதிருக்க முடியாது. ஒரு குழந்தையின் பிராணன் அதன் புகைப்படத்தின் வசீகரத்தைப் பொறுத்திருப்பது தர்மமாகாது.

மத்திய சர்க்கார் 2021-இல் அரிய வியாதிகளுக்கெனத் தேசியக் கொள்கையை வகுத்து, மறு ஆண்டு அதைத் திருத்தி, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று நிர்ணயித்தது. பணம் குடும்பத்தின் கைக்கு வராது. இதற்கென அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளுக்கே போகும். சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. ஆனால் ரிஸ்டிப்ளாம் புட்டி ஒன்று ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய் விற்ற காலத்தில், 20 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைக்கு ஒரு புட்டி 12 நாளுக்கே வரும் என்பதால், அந்த 50 லட்சமும் சுமார் 100 நாளில் கரைந்துவிடும். அதன் பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு அப்போது யாரிடமும் பதில் இருக்கவில்லை. 2025 அக்டோபரில், காப்புரிமை பெற்றிருந்த கம்பெனி தொடுத்த வழக்கில், மலிவான மாற்று மருந்துக்குத் தடை விதிக்கத் தில்லி உயர் நீதிமன்றம் மறுத்து, உச்ச நீதிமன்றமும் தலையிடாமல் விட்ட பின்பு, ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனி அதே மருந்தைப் புட்டி 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இந்த விலையில் அதே 50 லட்சம், அதே குழந்தைக்குப் பத்து ஆண்டுகளுக்குப் போதும். கோடிக்கணக்கில் யாசகம் சேர்த்துச் சாதிக்க முடியாததை ஒரு வழக்கு சாதித்தது. ஆகவே பெருந்தொகையை ராஜாங்கத்திடமும் நியாயஸ்தலத்திடமும் விடாமல் கேட்பதே முறை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அப்படியானால் அண்டை அயலாருக்கு வேலை இல்லையா? மருந்து இனாமாகவே கிடைத்தாலும், அந்த வீட்டின் செலவு அதோடு தீர்வதில்லை. இருமித் துப்பச் சக்தியில்லாத குழந்தையின் சளியை எடுக்கச் சக்‌ஷன் மெஷின் வேண்டும். இரவில் மூச்சுக்குத் துணைசெய்யப் பைபாப் கருவி வேண்டும். கரண்ட் போனாலும் அது நிற்காதிருக்க இன்வெர்ட்டர் வேண்டும். முதுகு கோணாதிருக்கப் பெல்ட்டும், விடாத பிசியோதெரபியும் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில், தினக்கூலியாக இருக்கும் தகப்பனாருக்குக் கூலியும் போய், வண்டிச் செலவும் சேருகிறது; தாயாரோ குழந்தையை விட்டு அகல முடியாமல் தன் வேலையை எப்போதோ விட்டிருப்பாள். இந்தச் செலவுகளுக்காக எவரும் விளம்பரம் செய்வதில்லை. செய்தாலும் பத்திரிகைகள் பிரசுரிப்பதில்லை. நகை அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் இவற்றிற்காகத்தான்.

பணமில்லாதவரும் செய்யக்கூடிய உதவி உண்டு. மாற்றுத் திறனாளி அடையாள அட்டைக்கும், ரயிலில் நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கிடைக்கும் கட்டணச் சலுகைக்கும் மனு எழுதிக் கொடுக்கலாம். மற்றொன்றையும் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்: இப்பெற்றோருக்கு அடுத்த குழந்தையும் இவ்வாறே பிறக்க நான்கில் ஒரு பங்கு சாத்தியம் இருப்பதால், மறு கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே பரிசோதித்துக்கொள்ள வழியிருக்கிறது. நெருங்கிய உறவில் கல்யாணம் செய்துகொண்டவர்களாயின், அந்தத் தாயாரைப் பழித்துப் பேசும் நாவை முதலில் அடக்குவது நம் கடமை. பழுதுபட்ட மரபணுவை, தாம் சௌக்கியமாக இருந்துகொண்டே சுமப்பவர் ஏறக்குறைய ஐம்பது பேரில் ஒருவர் உண்டு.

வாசகர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஊரில் இத்தகைய வீடு இருக்குமானால், பத்துப் பேர் சேர்ந்து, ஆளுக்கு மாதம் 500 ரூபாய் என்று, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், தவறாது கொடுத்து வாருங்கள். மருந்துக்கான விண்ணப்பத்தோடு எழும்பூருக்குப் போகும் நாளில் உங்களில் ஒருவர் கூடவே சென்று வாருங்கள்.