ஓவியத்தை விற்கலாம், உரிமையை விற்க வேண்டியதில்லை

வானொலியில் ஓவியர்களுடன் பேசும் நாளில் நேயர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஓவியம் வரைந்து சிங்கப்பூரில் பிழைக்க முடியுமா?"

அதற்கு அனுபவத்திலிருந்து பதில் சொல்லக்கூடிய ஓர் அக்காவை எனக்குத் தெரியும். ஈசூனில் நான்கறை வீட்டில் இருக்கிறார். தேக்காவின் பூக்கடைகளையும் கடைவீடுகளையும் நீர்வண்ணத்தில் வரைபவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கும் அக்காதான்.

கலைக்கூடம் வழியாக விற்றால் விலையில் பாதி வரை தரகாகப் போகலாம். இடமும் வாடிக்கையாளரும் அவர்களுடையவர்கள் என்பதால் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால், புதியவருக்கு அங்கு இடம் கிடைப்பதே சிரமம். அதனால் அக்கா மூன்று படிகளில் நேரடியாக விற்கிறார்.

முதற்படி, 4 வெள்ளி அஞ்சலட்டை. அடுத்தது, 45 வெள்ளி அச்சுப்படம். அமிலமில்லாத தாளில் நல்ல மையால் அச்சிட்டு, ஓரத்தில் பென்சிலால் கையெழுத்தும் எண்ணும் இடுவார். 7/50 என்றால் ஐம்பது பிரதிகளில் அது ஏழாவது. ஐம்பது முடிந்தால் அந்தப் படம் மறுபடியும் அச்சேறாது. மூன்றாவது படி மூலப்படம். அளவைப் பொறுத்து 600 வெள்ளியிலிருந்து தொடங்கும்.

"அட்டை வாங்குறவங்களைச் சாதாரணமா நினைக்கக்கூடாது தம்பி. இரண்டு வருஷம் கழிச்சு அவங்களே மூலப்படம் கேட்டு வருவாங்க," என்கிறார்.

அதற்காகவே வாங்கியவர்களின் பெயரையும் எண்ணையும், அவர்கள் சம்மதத்துடன், ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கிறார். இன்ஸ்டகிராமில் படத்துக்கு விருப்பக்குறிகள் குவியும். ஆனால், புதுப்படம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் அந்த நோட்டுப் புத்தகக்காரர்களுக்கு அனுப்பும் செய்தியில்தான் விற்பனை நடக்கிறது.

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. அக்காவிடம் பூக்காரர் படமொன்றை வாங்கிய ஓர் உணவகம், சில மாதங்களில் அதைத் தன் உணவுப்பட்டியலிலும் காகிதப் பைகளிலும் அச்சிட்டுவிட்டது. கேட்டதற்கு, "காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" என்று பதில் வந்தது.

நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. படத்தை வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டலாம், வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். பிரதி எடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. வரைந்த உடனேயே அது வந்துவிடுகிறது. ஓவியரின் வாழ்நாளுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் நீடிக்கிறது.

2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் மேலும் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. மறைந்த தாத்தாவின் உருவப்படத்தைக் காசு கொடுத்து வரையச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பு அதன் பதிப்புரிமை பொதுவாக வரையச் சொன்னவருக்குப் போகும். இப்போது வேறுவிதமாக ஒப்பந்தம் செய்யாவிட்டால், வரைந்தவருக்கே. அடுத்து, ஒருவரின் படைப்பைப் பொதுவில் பயன்படுத்தினால் அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். இணையத்துக்கும் இது பொருந்தும்.

அக்கா சண்டைக்குப் போகவில்லை. இந்த விவரங்களை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, பயன்பாட்டுக் கட்டணத்துக்கான விலைச்சீட்டையும் இணைத்து அனுப்பினார். இரண்டு வாரத்தில் பணம் வந்தது. புதிய உணவுப்பட்டியலில் ஓரமாக அவர் பெயரும் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்துடனும், எதற்கு அனுமதி, எதற்குத் தனிக்கட்டணம் என்று நான்கு வரியில் எழுதிய தாளையும் சேர்த்தே கொடுக்கிறார்.

நேயர்களின் கேள்விக்கு வருகிறேன். அக்காவின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஓவியத்திலிருந்து வருகிறது. மீதி, வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பிலிருந்து. முழுநேரப் பிழைப்பாக இன்னும் ஆகவில்லை, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஓவியத்தின் பங்கு கூடிவருகிறது என்கிறார்.

அடுத்த முறை தெரிந்த ஓவியரிடம் படம் கேட்கும்போது, "நம்ம ஆளுதானே, சும்மா வரைஞ்சு கொடுங்க" என்று சொல்லும் முன் விலையைக் கேளுங்கள். 600 வெள்ளி இப்போது முடியாதென்றால் 4 வெள்ளி அட்டையில் தொடங்குங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தில் உங்கள் பெயரும் ஏறட்டும்.