கீமோ நாளுக்குக் கட்டுச்சோறு

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவர்களில் சிலர் மின்சார ரயிலில் கிண்டி வந்து, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறார்கள். சிலர் செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். எங்கே போனாலும் ஒரு பகல் கழிந்துவிடும். ஃபைல், ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் மறக்காமல் பையில் ஏறும். சாப்பாட்டு டப்பாவைத்தான் விட்டுவிடுவார்கள். “வாந்திதானே எடுக்கப் போறாரு, எதுக்கு?” என்பார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

எடையைக் கவனியுங்கள்

நோய் தசையைக் கரைக்கிறது. கீமோவும் கரண்ட் (கதிர்வீச்சு) சிகிச்சையும் பசியை அடக்கிவிடுகின்றன. 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்துக்குள் 57-க்குக் கீழே இறங்கினால், அதாவது 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். உடம்பு தளர்ந்தால் மருந்தின் அளவைக் குறைக்கவோ, அடுத்த கீமோவைத் தள்ளிப்போடவோ நேரலாம்.

பொதுவாக எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை. 50 கிலோ உள்ளவருக்கு 50 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையிலும் ஒரு டம்ளர் பாலிலும் தலா 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் இருக்கும். வெறும் ரசம் சாதத்தால் இந்தக் கணக்கு நிறையாது. கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதிலேயே பாசிப்பருப்பு, பால், கடலைப்பொடி சேருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

பத்தியம் வேண்டாம்

பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்வார்கள். சர்க்கரை கட்டியை வளர்க்கும் என்று சோற்றையே நிறுத்துகிறவர்களும் உண்டு. உடம்பின் எல்லா செல்லுக்கும் குளுக்கோஸ் வேண்டும்; சோற்றை நிறுத்தினால் பட்டினி கிடப்பது நோயாளிதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கீமோவுடன் தரும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். கஷாயம், மூலிகைப் பொடி எதையும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

குமட்டலும் வாய்ப்புண்ணும்

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். சூடான தாளிப்பு வாசனையே குமட்டும் என்றால், சமைத்து ஆறியதும் கொடுங்கள். வாய்ப்புண் இருந்தால் புளி, காரம், எலுமிச்சை வேண்டாம். குழைந்த பொங்கல், பாலில் ஊறிய இட்லி, அவித்து மசித்த முட்டை இறங்கும். சில கீமோ மருந்துகள் ஏறிய பிறகு சில நாள் குளிர்ந்த பானம் ஆகாது. உங்கள் மருந்து அதில் சேருமா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

வெள்ளணு குறையும் நாட்கள்

பல மருந்துகளில், கீமோ ஏறிய 7-ம் நாள் முதல் 14-ம் நாள் வரை வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அப்போது கிருமி எளிதில் தொற்றும் என்பதால் பழைய சோறு வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையோரம் வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட கரும்புச்சாறு, அரைவேக்காட்டு முட்டையும் வேண்டாம். ஊரில் உள்ள நரசிம்மர் கோவிலில் காலையில் தந்த புளியோதரை மாலையில் வீடு வந்து சேர்ந்தால், கண்ணில் ஒற்றிக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பழங்களைக் கழுவி வீட்டிலேயே தோலுரியுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

டப்பாவில் என்ன வைக்கலாம்?

காலையில் அவித்த இட்லி நான்கு, தோலுரிக்காத அவித்த முட்டை ஒன்று, வாழைப்பழம் இரண்டு, பொட்டுக்கடலை உருண்டை, காய்ச்சி ஆறிய தண்ணீர். முழுவதும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மணிக்கொரு வாய் போதும். கூடப் போகிறவருக்கும் சேர்த்துக் கட்டுங்கள். தனியாகச் சாப்பிட யாருக்கும் மனசு வராது.