கண்மாய் இல்லாத 'சிட்டி': நகரம் கட்டும் கேம்கள் புதுக்கோட்டைக்குப் பொருந்துமா?

ஆளில்லாத நிலம், கையில் கொஞ்சம் பணம். முதலில் ரோடு போட வேண்டும். பிறகு கரன்ட், தண்ணீர். இவை வந்துவிட்டால் மக்கள் தானாகக் குடியேறுவார்கள், வரி வரும், அந்த வரியில் அடுத்த தெரு. 'சிம்சிட்டி', 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' போன்ற நகரம் கட்டும் கேம்களின் அடிப்படை இவ்வளவுதான். சுட்டுத்தள்ள எதிரி கிடையாது. கஜானா காலியாகாமல் ஊரை ஓட்ட வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

அமெரிக்கரான வில் ரைட் 1984-ல் ஹெலிகாப்டரில் போய் குண்டு போடும் ஒரு கேமை உருவாக்கினார். குண்டு போடுவதைவிட, அதற்கான தீவுகளையும் கட்டடங்களையும் வரைவதுதான் அவருக்குப் பிடித்துப்போனது. கூடவே, ஒரு நகரத்தின் வளர்ச்சியைக் கணக்குகளாக மாற்றிக் காட்டிய பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரின் 1969-ம் ஆண்டுப் புத்தகமும் கையில் கிடைத்தது. 1989-ல் 'சிம்சிட்டி' வந்தது. அதில் மின்கம்பி உண்டு, போலீஸ் ஸ்டேஷன் உண்டு. தண்ணீர்க் குழாய் மட்டும் கிடையாது! அது 1993-ல், 'சிம்சிட்டி 2000'-ல்தான் சேர்ந்தது.

புதுக்கோட்டைக்கு என்ன தொடர்பு?

இந்த கேம்களை ஆடுபவர்கள் கட்டம் கட்டமாகத் தெரு போடுவார்கள். புதுக்கோட்டை நகரமும் அப்படி வரைந்து கட்டியதுதான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஜய ரகுநாத தொண்டைமான் ஆட்சியில், பிரிட்டிஷ் அதிகாரி பிளாக்பர்ன் யோசனைப்படி பழைய குறுகலான தெருக்களை எடுத்துவிட்டு நேர் வீதிகள் அமைக்கப்பட்டன. கீழ ராஜ வீதி, கீழ 2-ம் வீதி என்று பெயர்கள் வரிசையாக வருவது அதனால்தான். 1878-ல் வந்த சேஷய்ய சாஸ்திரி காலத்தில் ஊர்க்குளங்களும் சீரமைக்கப்பட்டன.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் கேமும் நிஜமும் பிரிந்துவிடுகின்றன. 2015-ல் வந்த 'ஸ்கைலைன்ஸ்'-ல் புதிதாக ஆடுபவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கழிவுநீர்க் குழாயை ஆற்றின் மேல்பக்கமும், குடிநீர் பம்பைக் கீழ்பக்கமும் வைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மொத்த ஊரும் நோயில் படுத்துவிடும். பம்பை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

புதுக்கோட்டையில் பம்ப் வைக்க வற்றாத ஆறே இல்லை. வெள்ளாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். மாவட்டத்தின் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய், குளங்களில் பல ஒன்றோடு ஒன்று கோத்த சங்கிலி. மேல் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாகக் கீழ் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். நடுவில் வரத்து வாய்க்காலை யாராவது மறித்தால், மழை பெய்தும் கீழே இருப்பவர்களுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. காவிரி உபரி நீரைக் கொண்டுவரும் காவிரி-வைகை-குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு விராலிமலை அருகே குன்னத்தூரில் அடிக்கல் நாட்டியது 2021 பிப்ரவரியில். நீளம் 262 கி.மீ., மதிப்பீடு ரூ.14,400 கோடி. கேமில் இது மவுஸை இழுக்கும் வேலை.

கேமுக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் பயன்படுத்திய மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. அது குழாயைத் தப்பான இடத்தில் வைத்ததால் வந்த கோளாறு இல்லை. கேமில் குடியிருப்புகளுக்கு வருமானம், கல்வி, மாசு என்று அளவுகள் உண்டு. சாதிக்கு அளவு இல்லை. யாருக்கு எந்தத் தொட்டி என்ற கேள்வியே அங்கு எழாது.

முதல் 'சிம்சிட்டி'யின் புரோகிராம் 2008-ல் 'மைக்ரோபோலிஸ்' என்ற பெயரில் எல்லோரும் திருத்தக்கூடிய வகையில் வெளியிடப்பட்டது. கண்மாயும் கலிங்கும் சேர்த்துப் பார்க்க நினைக்கும் கல்லூரி மாணவர்கள் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.